புதைத்த நகையும் மறுநடவும்: பெரிய கிராணி பதில்கள்

சிறை மீண்ட ஒருவர் மலேசியாவின் பகாவ் பக்கத் தோட்டத்தில் தான் புதைத்த திருட்டு நகைகளைத் தேடுகிறார். ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி (அலுவலக எழுத்தர்) அவருடைய மருமகனுக்கும் பல ஊர் வாசகர்களுக்கும் பதில் சொல்கிறார்.

கே (அவருடைய மருமகன்): கோயிலிலிருந்து ஏழாவது நிரை, மூன்றாவது பால்மரத்தடி (ரப்பர் மரத்தடி) என்கிறார் மாமா. இப்போது அங்கே செம்பனை (எண்ணெய்ப் பனை) நிற்கிறது, ஐயா.

ப: அந்த நிரை இனி இல்லை, தம்பி. பால்மரத்தை 25, 30 ஆண்டில் சாய்த்துவிடுவார்கள். செம்பனைக்கு ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளி விட்டு முக்கோணமாகக் கயிறு பிடித்துப் புதுக் குச்சி நடுவார்கள். பழைய கணக்கு இதோடு ஒட்டாது. மேட்டு நிலமானால் படி வெட்டிய இயந்திரம் மேல்மண்ணையே கீழே தள்ளியிருக்கும். ஓடை வளைவு, பாறை ஏதும் நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். பதில் கிடைத்ததும் மண்வெட்டியைத் தூக்காதீர்கள். காவல் நிலையம் போங்கள்.

கே (சிரம்பான்): உலோகம் தேடும் கருவி உதவுமா?

ப: இரும்பு கலந்த செம்மண்ணில் அது வீணாகக் கத்தும். ரப்பர் பால் பிடிக்கும் மங்கைக் கட்டிய பழைய கம்பி, ஆணி எல்லாவற்றுக்கும் கத்தும். மோதிர அளவுப் பொருள் ஓரடிக்குக் கீழே கிடந்தால் சாதாரணக் கருவிக்கு எட்டுவது அரிது.

கே (ரவாங்): டின்னில் வைத்த நகை கெடுமா?

ப: டின் துருப்பிடிக்கும், தங்கம் கெடாது. முத்துகளைப் புளிப்பு மண் அரித்துவிடும்.

கே (கிள்ளான் வாசகி): தண்டனையை அனுபவித்துவிட்டார். நகை அவருக்குத்தானே?

ப: இல்லை அம்மா. தண்டனை குற்றத்துக்கு, நகை பறிகொடுத்தவருக்கு. 2005ஆம் ஆண்டு மரபுடைமைச் சட்டம் புதையல் என்பது உரிமையாளர் தெரியாத அல்லது கண்டுபிடிக்க முடியாத பொருளைத்தான். திருட்டுப் பொருளென்று தெரிந்தே வைத்துக்கொண்டால் தண்டனைச் சட்டம் 411ஆவது பிரிவு, 5 ஆண்டு வரை சிறை. தோண்டிக் கொடுக்கும் மருமகனும் மாட்டுவார்.

கே (கூலிம்): மரம் போனாலும் கோயில் நகராதே! அங்கிருந்து அளக்கலாமே?

ப: நகராதா? நிலம் கைமாறியபோது சூலத்தையும் முனியாண்டியையும் லாரியில் ஏற்றியதை நானே பதிவேட்டில் எழுதியிருக்கிறேன்.

கே (மீண்டும் கூலிம்): எங்கள் தோட்டத்துக் கோயில் தாத்தா காலத்து இடத்திலேயே இருக்கிறது.

ப: இருக்கட்டும், மகிழ்ச்சி. இவர் சொல்லும் கோயில் எது? பழைய மேடையா, புதுக் கோபுரமா?

கே (தெலுக் இந்தான்): மேடையை விட்டுவிட்டுத்தானே போவார்கள்?

ப: சிலர் விடுவார்கள். சிலர் செங்கல்லையும் கொண்டுபோவார்கள். கோயில் வரலாற்றை வேறொரு நாள் பேசுவோம்.

கே (ஈப்போ): கருவி என்ன விலை?

ப: விலை எதற்கு? சிரம்பான் வாசகருக்குச் சொன்னதை மேலே படியுங்கள்.

கே (மருமகன்): மாமாவுக்கு ஒரு மரப்பாலம் நினைவிருக்கிறதாம். பாலத்துக்கு இடப்பக்கம்...

ப: நிறுத்துங்கள். மிச்சத்தை இங்கே எழுதாதீர்கள். மாமாவை அழைத்துக்கொண்டு போய் விசாரணை அதிகாரியிடம் சொல்லுங்கள்.