உள்நாட்டுப் போரிலிருந்து தனியாகத் தப்பிவந்த குழந்தைகள், புது நாட்டில் பிற்பாடு எப்படி வாழ்கிறார்கள்?

போரில் பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளுக்கு, நல்லதொரு நாடு அடைக்கலம் கொடுத்ததோடு கஷ்டம் தீர்ந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பக்கத்திலிருந்து தெரிந்தது தெற்கு சூடான் பிள்ளைகளின் கதைதான். அட்லாண்டாவை ஒட்டிய கிளார்க்ஸ்டன் பக்கம் குடியிருந்த காலத்தில், வார இறுதிகளில் அவர்களில் சிலருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். அங்கே பார்த்ததையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்துச் சொல்கிறேன். தீர்ந்துவிடவில்லை. யாருக்கு எவ்வளவு தீர்ந்தது என்பதை அவர்களுடைய திறமையைவிட, காகிதத்தில் யாரோ எழுதிய வயதுதான் அதிகம் முடிவு செய்தது.

சூடானின் இரண்டாவது உள்நாட்டுப் போர் 1983இல் தொடங்கியது. 1987 வாக்கில் தெற்கே டிங்கா, நூவர் மக்களின் கிராமங்கள் தாக்கப்பட்டபோது பையன்கள் பலர் ஊருக்கு வெளியே மாட்டுப் பட்டிகளில் இருந்தார்கள். மாடு மேய்ப்பது அங்கே பையன்களின் வேலை. உயிர் தப்பியதற்கு அதுவே காரணம். வீட்டோடு இருந்த பெண் பிள்ளைகள் பலர் கொல்லப்பட்டார்கள், அல்லது அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள். ஏழு வயது, எட்டு வயதுப் பையன்கள் கூட்டம் கூட்டமாகக் கிழக்கே எத்தியோப்பியாவை நோக்கி நடந்தார்கள். கிளம்பியவர்கள் 20,000 பேர் இருக்கலாம் என்கிறார்கள். பசியிலும் தாகத்திலும் செத்தவர்கள் போக, மீதிப் பேர் பின்யுடோ போன்ற முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பள்ளிக்கூடமும் இருந்தது, கிளர்ச்சிப் படையின் ஆயுதப் பயிற்சியும் இருந்தது. இந்த இரண்டாவது விஷயத்தைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பத்து வயதுப் பையன் கையில் துப்பாக்கியைக் கொடுத்தது அவன் குற்றமில்லை, மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

1991 மே மாதம் எத்தியோப்பியாவில் மெங்கிஸ்துவின் ஆட்சி கவிழ்ந்தது. ஆயுதக்காரர்கள் முகாம்களில் இருந்தவர்களைத் துரத்தினார்கள். பையன்கள் வந்த வழியே ஓடி, கீலோ ஆற்றங்கரையில் மாட்டிக்கொண்டார்கள். ஆற்றில் வெள்ளம், பின்னால் துப்பாக்கிச் சூடு, தண்ணீரில் முதலை. பலருக்கு நீச்சலே தெரியாது. என்னிடம் படித்தவர்கள் எதை வேண்டுமானாலும் பேசுவார்கள், ஆனால் அந்த ஆற்றைப் பற்றி யாரும் தாமாகப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

1992இல் அவர்கள் கென்யாவின் வடமேற்கே துர்கானா வட்டாரத்தில், காகுமா என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வெயிலும் புழுதியுமான பொட்டல் காடு. கிளம்பியவர்களில் பாதிப் பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். சோளம், பருப்பு, கொஞ்சம் எண்ணெய் என்று ரேஷன் கிடைக்கும். அது போதாது என்பதால் ஒரு வேளைதான் சமைப்பார்கள், அதுவும் சாயங்காலம். பையன்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து குடிசை போட்டு, முறை வைத்துச் சமைத்து, மரத்தடியில் படித்து, அப்படியே வளர்ந்தார்கள். ஒன்பது வருஷம்!

அப்புறம்தான் அமெரிக்கா வந்தது. 2000-01இல், 4,000க்குச் சற்றுக் குறைவானவர்களை அந்த நாடு ஏற்றுக்கொண்டது. நேர்காணல் முடிந்து தேர்வானவர்களின் பெயர்களைப் பலகையில் ஒட்டுவார்களாம். இங்கேதான் நான் சொன்ன வயது விவகாரம் வருகிறது. பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. தாய் சொல்லியிருக்க வேண்டும், தாய் இல்லை. அதனால் ஆளைப் பார்த்து ஒரு வருஷத்தை மதிப்பிட்டு, தேதிக்கு ஜனவரி 1 என்று போட்டுவிட்டார்கள். நான் போய்வந்த வீட்டில் நாலு பேர் இருந்தார்கள், நாலு பேருடைய அடையாள அட்டையிலும் ஜனவரி 1 தான்.

18 வயதுக்குக் குறைவு என்று எழுதப்பட்டவர்கள் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். வியட்நாம் பக்கமிருந்து தனியாக வந்த பிள்ளைகளுக்காக 1980 வாக்கில் ஏற்படுத்திய திட்டம் அது. வீடு, பள்ளிக்கூடம், பக்கத்தில் நின்று கேட்க ஒரு மனிதர் என்று எல்லாம் உண்டு. லோபெஸ் லோமோங்கின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஆறு வயதில் கடத்தப்பட்டு, தப்பி, காகுமாவில் பத்து வருஷம் வளர்ந்த பையன். 2001இல் நியூயார்க் மாநிலத்தில் டல்லி என்ற சிற்றூரில் ஒரு குடும்பம் அவரை எடுத்து வளர்த்தது. பள்ளியில் ஓடத் தொடங்கி, 2007இல் குடியுரிமை பெற்று, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் அமெரிக்கக் கொடியை ஏந்தி முன்னால் நடந்தார். அவருடைய உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த உழைப்புக்கு நிற்க ஓர் இடம் கிடைத்தது.

18 ஆகிவிட்டது என்று எழுதப்பட்டவர்கள்தான் அதிகம். அவர்களுக்குச் சில மாத உதவிப் பணம், மூன்று நாலு பேர் சேர்ந்திருக்க ஒரு வாடகை வீடு, அவ்வளவுதான். வந்து சேர்ந்த விமான டிக்கெட்டுக்கான பணமும் கடனாக அவர்கள் தலையில் இருந்தது, மாதத் தவணையில் அடைக்க வேண்டும். கோழி வெட்டும் ஆலை, ஹோட்டல் துப்புரவு, கிடங்கில் இரவு ஷிப்ட் என்று போனார்கள். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு வேலை கிடைப்பதும் சிரமமாகிவிட்டது.

என்னிடம் படித்தவர்களில் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் அவருடைய சித்தப்பா மகனும் காகுமாவில் ஒரே குடிசையில் வளர்ந்தவர்கள், இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே வயது. தம்பிக்கு 17 என்று எழுதினார்கள், மிச்சிகனில் ஒரு குடும்பத்துக்குப் போனான். இவர் உயரமானவர், 19 என்று எழுதினார்கள். இரவு முழுக்கக் கிடங்கில் பெட்டி அடுக்கிவிட்டு, சனிக்கிழமை காலை தூங்காமல் என்னிடம் அல்ஜீப்ரா படிக்க வருவார். காகுமாவில் நன்றாகப் படித்த ஆள். பின்னம், சமன்பாடு எல்லாம் சட்டென்று பிடித்துக்கொள்வார். அவருக்குக் குறைந்தது நேரம் மட்டும்தான். வீட்டில் ஃப்ரிட்ஜ் நிறைய சாப்பாடு இருந்தும் பழக்கம் விடாமல் ஒரு வேளைதான் சாப்பிடுவார். சம்பளம் வந்த அன்றே ஒரு பங்கு காகுமாவுக்குப் போய்விடும். அங்கே விட்டுவந்த நண்பர்கள் போன் செய்துகொண்டே இருப்பார்கள், இல்லை என்று சொல்ல இவருக்கு வாய் வராது. தம்பி நாலு வருஷத்தில் கல்லூரி முடித்தான். அண்ணன் நர்சிங் முடிக்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது.

இதையெல்லாம்விட எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அப்படி வந்த 4,000 பேரில் பெண் பிள்ளைகள் வெறும் 89 பேர். முகாமுக்குத் தப்பிவந்த பெண்களும் இருந்தார்கள். ஆனால் டிங்கா வழக்கப்படி பெண் பிள்ளையைத் தனியே விடக்கூடாது என்று, வந்த உடனே ஏதாவது ஒரு குடும்பத்தோடு சேர்த்துவிட்டார்கள். பல வீடுகளில் தண்ணீர் சுமக்கவும் சமைக்கவும் அவள்தான். வயது வந்ததும், பரிசமாக வரும் மாடுகளுக்காகக் கட்டிக்கொடுத்தவர்களும் உண்டு. குடும்பத்தோடு இருக்கிறாள் என்று பதிவாகிவிட்டதால் ‘துணையற்ற சிறார்’ பட்டியலில் அவள் பெயர் வரவே இல்லை. பையன்கள் கூட்டமாக, கண்ணுக்குத் தெரியும்படி இருந்தார்கள். இவள் யாரோ ஒருவர் வீட்டு அடுப்படியில் இருந்தாள். இது கவனக்குறைவு என்று சொல்லித் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. பட்டியல் போட்ட ஒருவராவது பெண் பிள்ளைகள் எங்கே என்று கேட்டிருக்கலாம்.

சரி, இன்றைய நிலைமை. 2005இல் சமாதான ஒப்பந்தம் ஆனது, 2011 ஜூலை 9இல் தெற்கு சூடான் தனி நாடானது. வெளிநாட்டில் இருந்தவர்கள் பலர் ஊருக்குப் போய்ப் பள்ளி கட்டினார்கள், கிணறு தோண்டினார்கள். சால்வா டுட் என்பவர் ஆரம்பித்த அமைப்பு இன்றைக்கும் அங்கே ஆழ்துளைக் கிணறுகள் போட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் 2013 டிசம்பரில் அந்தப் புது நாட்டுக்குள்ளேயே மறுபடியும் போர் மூண்டது. காகுமா மறுபடியும் நிரம்பியது. இப்போது அதையும் பக்கத்துக் குடியிருப்பையும் சேர்த்தால் 2 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இருக்கிறார்கள்.

நான் சொன்ன அண்ணனின் அக்கா, செத்துவிட்டார் என்று அவர் நினைத்திருந்த அக்கா, அந்தப் போரில் பிள்ளைகளோடு உகாண்டாவுக்கு ஓடினார். செய்தி தெரிந்ததும் இவர் போன் செய்து முதலில் கேட்டது பணம் வேண்டுமா என்று இல்லை. பிள்ளைகளை முகாமில் பதிவு செய்யும்போது ஒவ்வொருவருக்கும் சரியான பிறந்த தேதியைச் சொல்லு, மூத்தவளைத் தனிப்பெயராகப் பதிவு செய்யச் சொல்லு, யார் வீட்டோடும் சேர்த்து எழுத விடாதே என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் இப்போது கம்பாலாவில் படிக்கிறாள், ஃபீஸ் கட்டுவது மாமாதான்.