அட்டை பீரோவில், கடன் 3 வட்டியில்

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் டீக்கடை வைத்திருக்கிறோம். மாதம் 9,500 ரூபாய் கையில் நிற்கும். போன வருடம் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்து, தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தோம். அதற்கு 3 வட்டிக்கு வாங்கிய 1.5 லட்சத்துக்கு 14 மாதமாக வட்டி மட்டும்தான் கட்ட முடிகிறது. இப்போது மாமியாருக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். அதே இடத்தில் இன்னும் 2 லட்சம் கேட்டிருக்கிறோம். மகளுக்கென்று வைத்த 4 பவுனைத் தொட மனமில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. ஆனால், 'அம்மாவை ஜி.எச்.ல சேர்த்தா ஊர்ல என்ன பேசுவாங்க' என்கிறார் கொழுந்தனார். வருடம் 32,000 கட்டினால் முடிவில் பணம் திரும்ப வரும் என்று அவர் ஒரு பாலிசியும் சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: பாலிசியைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த 2 லட்சத்தை வாங்காதீர்கள். இப்போது மாத வட்டி 4,500. புதுக் கடனுக்கு 6,000. இரண்டும் சேர்ந்தால் 10,500. உங்கள் கையில் நிற்பதே 9,500தானே! இதுவரை கட்டிய வட்டி மட்டும் 63,000. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

உடம்புக்கு முடியவில்லை என்றதும் கடன்காரரிடம் ஓடுவதும், அட்டை பீரோவிலேயே கிடப்பதும்தான் உங்கள் வீட்டுப் பிரச்சினை. மாமனாருக்கு வைத்த ஸ்டென்ட்டே இந்தத் திட்டத்தில் வரும் சிகிச்சைதான். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆனால் பணம் கட்டி வீட்டுக்கு வந்தபின் பில்லைக் காட்டிக் கேட்கிற திட்டம் இல்லை இது. ஆபரேஷனுக்கு முன்பே ஆஸ்பத்திரி காப்பீட்டு நிறுவனத்திடம் அனுமதி வாங்க வேண்டும். அவசரம் என்றால் உடனே வாங்கவும் வழி உண்டு. ஆகவே அட்டையைச் சேர்க்கும்போதே காட்ட வேண்டும். அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் காப்பீட்டுத் திட்ட கவுண்டர் எங்கே என்று கேளுங்கள்.

கொழுந்தனாரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். இந்த அட்டை ஜி.எச்.சுக்கு மட்டுமானது இல்லை, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செல்லும். ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் எல்லாப் பிரிவுக்கும் அனுமதி இருக்காது என்பதால், மூட்டு மாற்று எங்கே உண்டு என்று 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அடுத்தது, அரசு மருத்துவமனைகளிலும் மூட்டு மாற்று நடக்கிறது. அங்கேயும் அட்டையைக் காட்டுங்கள். அதற்கான காப்பீட்டுப் பணம் அந்த மருத்துவமனைக்கே போகிறது. இதில் யாரும் உங்களுக்குத் தருமம் செய்யவில்லை. ஊர்ப் பேச்சுக்குப் பயப்படுகிறவர், தன் அம்மாவின் ஆபரேஷனுக்கு எவ்வளவு தருவதாகச் சொன்னார்? கடிதத்தில் அதைக் காணோம்.

மாமியார் பெயர் உங்கள் ரேஷன் கார்டில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கவுண்டரில் பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். அவருக்குத் தனிக் கார்டு என்றால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு அழைத்துப் போங்கள். ஆண்டு வருமான வரம்பு 1,20,000. இடைத்தரகருக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

இனி அந்தப் பாலிசி. 32,000 என்பது உங்கள் மூன்று மாத வருமானத்துக்கு மேல். மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பல மருத்துவ பாலிசிகளில் இரண்டு வருடக் காத்திருப்பு உண்டு. இன்று எடுத்தாலும் மாமியாருக்கு உதவாது. 'பணம் திரும்ப வரும்' என்று விற்கிற பாலிசிகளில் பெரும்பாலும் காப்பீடு கொஞ்சம், கமிஷன் அதிகம். சொந்தக்காரர் விற்றாலும் கணக்கு மாறாது. வேண்டாம்.

பழைய கடனை அடைக்க அந்த 4 பவுனை அடகு வையுங்கள். மகளுக்கு என்று பூட்டி வைத்துவிட்டு, வருடம் 54,000 வட்டி கட்டுவது நகையை வெளியில் தெரியாமல் விற்பதுதான். வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ நகைக் கடனுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 10 சதவீதம் என்று வையுங்கள், 1.5 லட்சத்துக்கு 15,000. மிச்சமாகும் 39,000ஐ மாதம் 3,250ஆக அசலில் கட்டினால், நான்கு வருடத்துக்குள் நகை வீடு திரும்பும். 3 வட்டிக்காரரிடம் அசலைக் கொடுக்கும் அன்றே நீங்கள் கையெழுத்துப் போட்ட பத்திரத்தையும் செக்கையும் திரும்ப வாங்கிவிடுங்கள்.