“இரண்டு பேருமே அப்படித்தானே” என்றால் விட்டுவிடலாமா? சிறப்பு ஆசிரியர் பதில்கள்

வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகள் படிக்கும் வகுப்புகளில், ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைச் சீண்டுவதும் துன்புறுத்துவதும் பற்றிப் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்ட கேள்விகள். பதில் அளிப்பவர் ஒரு சிறப்பு ஆசிரியர்.

என் மகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம், பேச்சு வரவில்லை. பள்ளி வேனில் பெரிய பையன் ஒருவன் தினமும் கிள்ளுகிறான். கை கன்றிப்போய் வருகிறது. கேட்டால், “அவனுக்கும் விவரம் தெரியாது, இரண்டும் ஒரே மாதிரிப் பிள்ளைகள்தானே, பெரிதுபடுத்தாதீர்கள்” என்கிறார்கள். (ஈரோட்டிலிருந்து ஒரு தாய்)

பெரிதுபடுத்துங்கள் அம்மா. கிள்ளுகிறவனுக்கு விவரம் தெரியாமல் இருக்கலாம். வேனில் யாரை எங்கே உட்கார வைப்பது என்று முடிவு செய்கிறவர்களுக்குத் தெரியும் அல்லவா? நாளைக் காலையிலேயே இருவருக்கும் இடம் மாற வேண்டும், நடுவில் உதவியாளர் உட்கார வேண்டும். காரணம் தேடும் வேலை அதற்குப் பிறகுதான். காயத்தைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

அடுத்தது காரணம். ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள்: கிள்ளுவதற்கு முன் என்ன நடந்தது, என்ன செய்தான், அதனால் அவனுக்கு என்ன கிடைத்தது. இரண்டு வாரம் உதவியாளர் ஒழுங்காக எழுதினால் பெரும்பாலும் ஏதாவது பிடிபடும். அந்தப் பையன் வேனில் முதலில் ஏறி வெகுநேரம் வெயிலில் உட்கார்ந்து வருகிறானா? உங்கள் மகன் எழுப்பும் ஒலி அவன் காதைக் குடைகிறதா? அல்லது கிள்ளினால் வரும் அலறல் அவனுக்கு வேடிக்கையாக இருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

இன்னொன்று. பேச்சுக்குப் பதிலாக உங்கள் மகன் காட்டும் பட அட்டைகளை எடுத்துப் பாருங்கள். தண்ணீர், பிஸ்கட், ஊஞ்சல் எல்லாம் இருக்கும். ‘வலிக்கிறது’, ‘தொடாதே’ இருக்காது. பிள்ளை நம்மிடம் எதைக் கேட்க வேண்டும் என்று யோசிக்கிற நாம், எதைப் புகார் சொல்ல வேண்டும் என்று யோசிப்பதில்லை. இன்றே அந்த இரண்டு அட்டைகளைச் சேருங்கள். குளிப்பாட்டும்போது உடம்பைப் பாருங்கள். திடீரென்று வேன் ஏற மறுப்பது, படுக்கையை நனைப்பது, தன் கையையே கடித்துக்கொள்வது ஆகியவை பேச்சில்லாத பிள்ளையின் புகாராக இருக்கலாம்.

தாங்க முடியாமல் கை ஓங்குவதையும் வேண்டுமென்றே துன்புறுத்துவதையும் எப்படிப் பிரித்தறிவது? (திருச்சியிலிருந்து ஓர் ஆசிரியை)

வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, வலியவர் எளியவரிடம் செய்வது ஆகிய மூன்றையும் அடையாளமாகச் சொன்னவர், பள்ளிப் பிள்ளைகளிடையே நடக்கும் துன்புறுத்தலை ஆராய்ந்த முன்னோடியான டான் ஓல்வேயஸ். நம் பிள்ளைகளிடம் முதல் அடையாளத்தை அளப்பது கடினம். நான் பார்ப்பது வேறு. எப்போதும் ஒரே பிள்ளையைத்தான் தேடிப் போகிறானா? கை வைக்கும் முன் டீச்சர் பார்க்கிறாரா என்று திரும்புகிறானா? ஆம் என்றால் அது துன்புறுத்தல். மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு அருகில் இருப்பவர் யாராக இருந்தாலும் அடித்தால், அவனுக்குத் தேவை அமைதியான மூலை, அறிவுரை அல்ல.

இதுவரை சாதுவாக இருந்த பிள்ளை திடீரென்று அடிக்கத் தொடங்கினால் முதலில் டாக்டரிடம் அனுப்புங்கள். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் ஆகியவற்றைச் சொல்லத் தெரியாத பிள்ளை கையால் சொல்லும்.

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. லேசான அறிவுசார் குறைபாடு. டவுன் சிண்ட்ரோம் உள்ள வகுப்புத் தோழியிடம் பையைத் தூக்கச் சொல்கிறாளாம், டிபனைப் பிடுங்குகிறாளாம், “உனக்கு ஒன்றும் தெரியாது” என்கிறாளாம். அடித்தும் பார்த்துவிட்டேன். (சேலத்திலிருந்து ஒரு தந்தை)

அடியை நிறுத்துங்கள் ஐயா. வலியவர் எளியவரை அடிக்கலாம் என்பதை அவள் ஏற்கெனவே கற்றுக்கொண்டிருக்கிறாள். நீங்கள் அதை உறுதி செய்கிறீர்கள்.

“உனக்கு ஒன்றும் தெரியாது” என்பது அவள் சொந்த வாசகமாக இருக்காது. முன்பு படித்த பள்ளியிலோ உறவினர் வீட்டிலோ யாரோ அவளிடம் சொன்னதாக இருக்கும். சிறப்புப் பள்ளிக்குள்ளும் மேல் கீழ் உண்டு. எழுதத் தெரிந்தவர், தெரியாதவர்; டயப்பர் கட்டியவர், கட்டாதவர். அதைப் பெரியவர்களே வளர்க்கிறோம்: “நீதான் கெட்டிக்காரி, அவளைப் பார்த்துக்கொள்” என்று மற்றொரு பிள்ளையை ஒப்படைக்கிறோமே, அங்கேதான் பல சமயம் இது தொடங்குகிறது.

அவளுக்குப் பொறுப்பு கொடுங்கள். ஆனால் அது இன்னொரு பிள்ளையின் மேல் வேண்டாம். வருகைப் பதிவேட்டை அலுவலகத்துக்குக் கொண்டுபோவது, செடிக்குத் தண்ணீர் விடுவது போதும். “சாரி சொல்லு” என்று வற்புறுத்தினால் சொல்லிவிட்டு மறுநாளும் செய்வாள். டிபனைப் பிடுங்கினால் அன்றே தன் டிபனிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். அன்றைய கணக்கு அன்றோடு தீர வேண்டும். இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துச் சமாதானம் பேச வேண்டாம். அந்தப் பெண் பயத்தில் தலையாட்டிவிடுவாள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பலருக்குக் காது மந்தம் உண்டு. அவளுக்கு முழுதாகக் கேட்கிறதா என்றும் பள்ளி பார்க்கட்டும்.

திருப்பி அடிக்கச் சொல்லிக் கொடுக்கலாமா? (தஞ்சாவூரிலிருந்து ஒரு பாட்டி)

வேண்டாம் பாட்டி. யாரை, எவ்வளவு, எப்போது என்ற அளவு தெரியாத பேரன் நாளைக்கு டீச்சரையும் தொட்டில் குழந்தையையும் அடிப்பான். உள்ளங்கையைக் காட்டி ‘நிறுத்து’ சொல்லிவிட்டு டீச்சரிடம் போகப் பழக்குங்கள். ஆனால் அவன் போகும் ஒவ்வொரு முறையும் டீச்சர் எழுந்து வர வேண்டும். நான்கு முறை வராவிட்டால் ஐந்தாவது முறை போக மாட்டான்.

சண்டையைக் காரணம் காட்டி டி.சி. வாங்கச் சொல்கிறார்கள். என் பிள்ளையிடம் உடையை அவிழ்க்கச் சொல்லி யாரோ சிரித்ததாகவும் தெரிகிறது. என்ன செய்ய? (மதுரையிலிருந்து ஒரு தாய்)

இவை இரண்டு விஷயங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 31-ஆம் பிரிவு, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. மிரட்டலுக்குப் பணிந்து நீங்களாக டி.சி. கேட்டு எழுதிக் கொடுக்காதீர்கள். தலைமை ஆசிரியர் அசையாவிட்டால் முதன்மைக் கல்வி அலுவலர், அதற்கும் மேலே மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர்.

உடையை அவிழ்க்கச் சொன்னது பள்ளிக்குள் பேசித் தீர்க்கும் சமாச்சாரம் அல்ல. அது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012-இன் கீழ் வரக்கூடியது. தெரிந்தவர் தகவல் தர வேண்டியது கட்டாயம். குழந்தைகள் உதவி எண் 1098. செய்ததும் சிறுவன் என்றால் அவனை இளைஞர் நீதிச் சட்டப்படிதான் நடத்துவார்கள். அவனிடம் யாரோ இப்படி நடந்துகொண்டிருக்கிறார்களா என்றும் விசாரிக்க வேண்டும்.

கிள்ளுகிற பையனின் அம்மாவிடம் நானே பேசலாமா? (ஈரோட்டுத் தாய் மீண்டும்)

பள்ளி வாசலில் வேண்டாம். அங்கே நாலு பேர் கூடிவிடுவார்கள். ஆசிரியர் உடனிருக்க, தனியறையில், அந்த மூன்று கட்ட நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பிள்ளையை அழைத்துப் போக வேண்டாம்.