இரண்டாம் மோரே பிரபு மகன் இல்லை, மருமகன்

ஸ்காட்லாந்தின் மோரே பிரபுக்களுக்கு நீங்கள் போட்ட வம்சப் படம் இடிப்பது ஒரே இடத்தில்தான்: இரண்டாம் மோரே பிரபு ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டை முதல் பிரபு ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் மகனாகப் போட்டிருக்கிறீர்கள், அவர் மருமகன், அதாவது மகளின் கணவர். முதலாமவர் ஸ்காட்லாந்து அரசி மேரிக்கு அப்பா வழி அண்ணன், 1570-ல் லின்லித்கோவில் ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து சுட்டுக் கொன்றார்கள், ஆண் வாரிசு கிடையாது. மூத்த மகள் எலிசபெத்தைக் கட்டியதால்தான் டௌன் பிரபுவின் மகனான இந்த இரண்டாமவருக்கு அந்தப் பட்டமே வந்தது. அவரையும் 1592-ல் டோனிபிரிஸ்டிலில் ஹண்ட்லி பிரபு ஆட்களோடு வந்து கொன்றார். பெற்ற தாய் மகனின் உடலை வெட்டுக்காயங்களோடு அப்படியே ஓவியமாக வரையவைத்தாள், பார்க்கவே மனசு பதறும். அப்புறம், மூன்றாம் பிரபு மணந்தது அதே ஹண்ட்லியின் மகள் ஆன் கார்டனை, அந்த உறவையும் படத்தில் விடாமல் போடுங்கள்.