70 கிலோமீட்டரில் டிரெய்லர் வாலாட்டுவது

பைக்கின் பின்னால் இழுக்கும் டிரெய்லர் ஆடுகிறது, கொக்கியின் வெல்டிங்தான் கோளாறோ என்று கேட்டிருந்தீர்கள். கொக்கியை அறுத்தெடுக்க வேண்டாம், டிரெய்லரில் இருக்கும் ஐஸ் பெட்டியை முன்னால் நகர்த்துங்கள். 70 கிலோமீட்டர் வேகத்தில் டிரெய்லர் ஆட ஆரம்பிப்பதற்கு, நீங்கள் சந்தேகிக்கும் வெல்டிங்கைவிடச் சுமை டிரெய்லரின் சக்கர அச்சுக்குப் பின்னால் இருப்பதே காரணமாக இருக்கலாம். ஐஸ் பெட்டி கடைசியில் இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

சோதிப்பது சுலபம். வழக்கமான சுமையோடு சமதளத்தில் நிறுத்தி, டிரெய்லரின் மூக்கை, அதாவது பைக்கில் மாட்டும் முன்முனையை, கொக்கியின் உயரத்திலேயே மரக்கட்டை வைத்துக் குளியலறைத் தராசில் தாங்குங்கள். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காட்ட வேண்டும். 80 கிலோவுக்கு 8 முதல் 12 கிலோ. என்னுடையது 2 கிலோ காட்டியது! அதோடுதான் தென்னாப்பிரிக்காவில் டர்பன் அருகே பைன்டவுனுக்குப் போகும் செங்குத்தான பீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் இறங்கியிருக்கிறேன், நினைத்தால் இப்போதும் வியர்க்கிறது. மூக்கில் இந்த அளவை மீறியும் ஏற்றாதீர்கள், பைக்கின் முன்சக்கரம் இலேசாகிவிடும்.

ஒன்று மட்டும்: கொக்கியைப் பின்பக்கச் சாமான் தாங்கியில் மாட்டியிருந்தால் மேலே சொன்னது எதுவும் உதவாது. அந்த மெல்லிய குழாய் வளையும்; முதன்மைச் சட்டத்தோடு இணையுங்கள். வளைவில் பைக் சாயும்போது டிரெய்லரை மாட்டும் 50 மில்லிமீட்டர் உலோகப் பந்து மட்டும் போதாது, சுழலும் இணைப்பும் தேவை. டிரெய்லருக்குத் தனி லைசென்ஸ் வில்லை (வண்டியில் ஒட்டும் வட்டமான உரிமச் சீட்டு) வாங்கியிருக்கிறீர்களா?