பாங்காக்கில் அம்மாவோடு அரை நாள்: க்லோங் பாங் லுவாங் போகலாமா?

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஜனவரியில் அம்மாவோடு பாங்காக் போகிறேன். அம்மாவுக்கு 67 வயது, மூட்டுவலி உண்டு, சுத்த சைவம். மிதக்கும் சந்தைக் கூட்டத்தில் அவரை இழுத்துக்கொண்டு அலைய மனமில்லை. கால்வாய் ஓரம் ஓவியர் வீடு ஒன்று இருக்கிறது, அமைதியான இடம் என்கிறார்கள். போகலாமா? எப்படிப் போவது?"

தாராளமாகப் போகலாம். ஆனால் படகில் போகாதீர்கள்.

நீங்கள் சொல்வது சாவ் ப்ரயா ஆற்றின் மேற்குக் கரையில், தோன்புரிப் பக்கம் இருக்கும் க்லோங் பாங் லுவாங். க்லோங் என்றால் கால்வாய். அந்த வீட்டுக்கு பான் சில்லபின் என்று பெயர். பான் வீடு, சில்லபின் கலைஞர். நம் சிற்பியும் இந்தச் சில்லபினும் ஒரே குடும்பத்துச் சொற்கள்தான், அம்மாவுக்குப் பெயர் மறக்காது.

படகு ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், முதல் தடவை நான் அப்படித்தான் போனேன். ஆற்றங்கரைப் படித்துறை ஒன்றில் பேரம் பேசி ஏறினேன். வீட்டு வாசலில் பத்து நிமிஷம் நிறுத்தினார்கள். காபி வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் என்ஜின் உறுமிவிட்டது. அது போகட்டும். படித்துறைக்கும் படகுக்கும் நடுவே ஓர் எட்டு இருக்கிறதே, அதுதான் பெரிய சங்கடம். தண்ணீர் இறங்கியிருந்தால் ஆடுகிற படகுக்குள் நன்றாகக் குனிந்து காலை வைக்க வேண்டும். மூட்டுவலிக்காரர்களுக்கு அது சரிப்படாது.

ரயில்தான் சுலபம். சுகும்வித் பக்கம் தங்கினால் மெட்ரோவின் நீல வழித்தடம். சனாம் சாய் நிலையம் தாண்டியதும் ரயில் ஆற்றுக்கு அடியில் போய் இத்சரபாப்பில் வரும், அடுத்தது தா ப்ரா. சீலோம் பக்கம் என்றால் வான்ரயிலில் கடைசி நிலையமான பாங் வா வரை வந்து, நீல ரயிலுக்கு மாறுங்கள். அங்கிருந்து முதல் நிலையம் பாங் பாய், அடுத்தது தா ப்ரா. தனியாகப் போகிறவர்கள் பாங் பாயில் இறங்கிச் சந்துகளுக்குள் நடந்தே போய்விடுவார்கள். நீங்கள் தா ப்ராவில் இறங்கி, டாக்சிக்காரரிடம் "சரன் சனித்வோங், சோய் சாம்" என்று சொல்லுங்கள், அதாவது மூன்றாவது சந்து. அது கால்வாயில் போய் முட்டும். நடைபாலத்தைக் கடந்து இடப்பக்கம் திரும்பினால் மரவீடுகளின் வரிசை ஆரம்பித்துவிடும். அம்மாவுக்கு இருக்கும் ஒரே சோதனை அந்தப் பாலத்தின் படிகள்தான். அவசரமில்லை, நின்று நின்று ஏறட்டும்.

வெறுமனே "பாங் லுவாங்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இதே கால்வாயில், ஆற்றுமுகத்துக்குப் பக்கத்தில், பாங் லுவாங் பள்ளிவாசல் இருக்கிறது. நகோன் பதோம் மாகாணத்தில் அதே பெயரில் ஒரு பழைய சந்தையும் உண்டு. வரைபடத்தில் பான் சில்லபினைத் தாய் எழுத்தில் தேடி எடுத்து, போனைக் காட்டிவிடுவது நல்லது. (அந்தப் பள்ளிவாசல் தனியாகப் பார்க்க வேண்டிய ஒன்று. தாய்லாந்து மன்னர் முதலாம் ராமர் காலத்தில் பௌத்தக் கோயில் பாணியில் கட்டியது. பார்த்தால் பள்ளிவாசல் என்றே தெரியாது.)

பாலத்தின் மேல் மூச்சு வாங்க நிற்கும்போது அம்மாவுக்கு ஒரு கதை சொல்லுங்கள். கீழே ஓடுவது கால்வாய் இல்லை, ஆறு! சாவ் ப்ரயா ஒரு காலத்தில் இந்த வழியாகத்தான் பெரிய வளையம் போட்டு ஓடியது. 16ஆம் நூற்றாண்டில் அயுத்தயா என்ற பழைய தாய் அரசின் மன்னர் சாயராச்சா, படகுகள் சுற்றிப் போக வேண்டாமே என்று வளையத்தின் கழுத்தில் குறுக்கு வாய்க்கால் வெட்டினார். தண்ணீருக்குக் குறுக்குவழி கிடைத்தால் விடுமா? வாய்க்காலை அரித்து அரித்து அகலமாக்கியது. வாட் அருண் கோயிலும் அரண்மனையும் எதிரெதிரே பார்த்துக்கொள்ளும் இன்றைய பேராறு அந்த வாய்க்கால்தான். பழைய ஆறு மெலிந்து கால்வாயானது. 1767 முதல் 1782 வரை தக்சின் மன்னருக்குத் தோன்புரிதான் தலைநகரம். அரசு அதிகாரிகள் இந்தக் கரையில் குடியேறினார்கள். லுவாங் என்ற பெயர் அவர்களால் வந்தது.

ஓவியர் வீடு தேக்கில் கட்டிய பழைய வீடு. நடுமுற்றத்தில், நம் வீடுகளில் துளசிமாடம் நிற்கிற மாதிரி, வெளுத்துப்போன ஒரு ஸ்தூபி நிற்கிறது. அது அயுத்தயா காலத்தது, வீட்டைவிட மூத்தது; அதைச் சுற்றித்தான் வீட்டைக் கட்டியிருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகவேண்டும். மாடியில் படங்கள் தொங்கும், மரப்படி செங்குத்து. அம்மா ஏறாவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது. கீழே கால்வாயைப் பார்த்த முன்தளம்தான் இந்த வீட்டின் உயிர். பலகை விளிம்பில் யாரோ காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார். கிட்டே போனால் சிலை. மீன் தீனி வாங்கித் தூவினால் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஆகிவிடும். கை நீளத்துக்குக் கெளுத்திகள், ஒன்றன் முதுகில் ஒன்று ஏறி வாயைப் பிளக்கும்.

பொம்மலாட்டமும் உண்டு. நூலில் ஆடும் பொம்மை இல்லை இது. ஹுன் லகோன் லெக் என்று, ஒரு பொம்மைக்கு மூன்று பேர். கறுப்பு உடையும் முகமூடியுமாகத் தலை, கை, கால் என்று பங்கு போட்டுக்கொண்டு, தாங்களும் சேர்ந்து ஆடுவார்கள். பெரும்பாலும் ராமகியன் கதை, அதாவது தாய் ராமாயணம். அம்மாவை முன்கூட்டியே தயார்படுத்திவிடுங்கள், அங்கே அனுமார் பிரம்மச்சாரி இல்லை! சேது கட்டும்போது கற்களைப் பெயர்க்க வந்த ராவணன் மகள், மீன்பெண் சுபன்னமச்சாவையே காதலித்துப் பிள்ளையும் பெற்றவர். ஆட்டம் முடிந்ததும் பார்வையாளர்கள் பக்கம் வந்து வம்பு செய்வார், மடியில் உட்காரவும் கூடும். நான் பார்த்தது மதியம் 2 மணி ஆட்டம், புதனன்று கிடையாது. நாளும் நேரமும் மாறக்கூடியவை. அன்று காலையில் அவர்களுடைய முகநூல் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தட்டு வரும்போது போட, சில்லறை நோட்டு வைத்திருங்கள்.

வார இறுதியில் கடைகள் எல்லாம் திறந்திருக்கும், கூட்டமும் கொஞ்சம் சேரும். வாரநாளில் பாதிக் கடை மூடியிருக்கும். உங்களுக்கு வாரநாள்தான். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அந்தப் பலகை நடைபாதை அங்கே குடியிருப்பவர்களின் திண்ணை. திறந்த கதவுக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.

சாப்பாட்டில்தான் கவனம் வேண்டும். காய்கறி மட்டும் என்று கேட்டு வாங்கினாலும் மீன்சாறு ஊற்றிவிடுவார்கள். அது அவர்களுக்கு உப்பு மாதிரி. "கின் ஜே" என்று சொல்லுங்கள். ஜே என்றால் இறைச்சி, மீன், முட்டை, பால், பூண்டு, வெங்காயம் எதுவும் கிடையாது. மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து இருந்தால் ஜே கடை. கால்வாய் ஓரத்தில் அது கிடைக்கும் என்று நம்பிப் போகவேண்டாம். காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, ஒரு பொட்டலம் தயிர்சாதமோ சப்பாத்தியோ கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இளநீரும் பழமும் போதும்.

நேரம் மிச்சமிருந்தால் டாக்சியில் வாட் பாக்நாம் கோயிலுக்குப் போய்வரலாம். 69 மீட்டர் உயரத்தில் பொன்னிற புத்தர், கூரையே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். அம்மாவுக்கு முட்டி வலித்தால் அதையும் விட்டுவிடுங்கள், கால்வாயில் கொஞ்ச தூரம் தள்ளி நின்றாலே அவர் தலை தெரியும்.