பழைய எத்தியோப்பிய இசை: எந்தத் தட்டை வாங்குவது?

கேள்வி: 1970களின் எத்தியோப்பியப் பாடல்களை யூடியூபில் கேட்டு மயங்கிப்போனேன். இசைத்தட்டாக வாங்கலாம் என்று தேடினால், ஒரே இசை மூன்று விதமாக விற்பனைக்கு இருக்கிறது. அந்தக் காலத்து அசல் சிங்கிளின் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டு) விலை எட்டாத உயரம். புதிதாக அச்சிட்ட எல்பி (பல பாட்டுகள் உள்ள பெரிய தட்டு) நடுத்தர விலை. இன்னொன்று கம்பெனி பெயரே இல்லாத மலிவு எல்பி. எதை வாங்க?

பதில்: நடுத்தர விலையில் இருப்பதை வாங்குங்கள். அது உரிமம் பெற்ற மறுபதிப்புதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேரரசர் ஹைலே செலாசி காலத்தில், இசைத்தட்டு வெளியிடும் ஏகபோக உரிமையை அரசு சார்ந்த அமைப்பு ஒன்று வைத்திருந்தது. 1969இல் தலைநகர் அடிஸ் அபாபாவில் அம்ஹா எஷெட்டே என்ற இளைஞர் அதை மீறித் துணிந்து அம்ஹா ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனியைத் தொடங்கினார். அந்த உற்சாகம் சில ஆண்டுகள்தான் நீடித்தது. 1974இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, ஊரடங்கு வந்தது, இரவு விடுதிகளை நம்பி வாழ்ந்த இசைக்குழுக்கள் முடங்கின. அம்ஹாவே அமெரிக்காவுக்குப் போய்விட்டார். அப்புறம் தட்டின் இடத்தைக் கேசட் பிடித்துக்கொண்டது. அசல் தட்டுகள் இவ்வளவு அபூர்வமாக இருப்பதற்கும் இந்த விலைக்கும் இதுதான் காரணம். ஆனால் அந்தப் பணம் முழுக்க விற்பவருக்குத்தான். வாசித்தவருக்கு ஒரு காசு போகாது. பெயரில்லாத மலிவு எல்பியிலும் போகாது. அதோடு, அது தேய்ந்த தட்டிலிருந்தோ எம்பி3 கோப்பிலிருந்தோ எடுத்த நகலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

உரிமம் பெற்ற மறுபதிப்பு என்ன செய்யும் என்பதற்கு ஹைலு மெர்கியாவைச் சொல்வேன். அடிஸ் அபாபா ஹில்டன் ஓட்டலில் வாசித்துப் புகழ்பெற்ற வாலியாஸ் குழுவின் கீபோர்டுக் கலைஞர் அவர். 1981இல் குழுவோடு அமெரிக்கப் பயணம் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். 1985இல் அக்கார்டியனும் சிந்தசைசரும் வைத்துத் தனியாக ஒரு கேசட் செய்தார். பிறகு வாஷிங்டனில் பல ஆண்டுகள் டாக்சி ஓட்டினார். ஆசம் டேப்ஸ் ஃப்ரம் ஆப்பிரிக்கா என்ற மறுபதிப்பு நிறுவனத்தை நடத்தும் பிரையன் ஷிம்கோவிட்ஸ், எத்தியோப்பியாவின் பஹிர் டார் நகரில் அந்தக் கேசட்டைக் கண்டெடுத்து, அவரையே தேடிப் பிடித்து, அனுமதியோடு 2013இல் மறுபடி வெளியிட்டார். ஹைலு மேடைக்குத் திரும்பினார். 2018இல் புது ஆல்பமே வந்தது! நாம் தட்டுக்குக் கொடுக்கும் பணம் இப்படி ஒருவரிடம் போய்ச் சேருமென்றால், கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

உரிமம் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பின்னட்டையைப் பாருங்கள். வெளியிட்ட கம்பெனியின் பெயர், பட்டியல் எண், யாரிடம் உரிமம் பெற்றார்கள் என்ற வரி ஆகியவை இருக்க வேண்டும். ஒழுங்காகச் செய்பவர்கள் பெரும்பாலும் கலைஞரைப் பற்றி ஒரு குறிப்பேடும் வைப்பார்கள். சந்தேகமாக இருந்தால் கம்பெனிக்கே மின்னஞ்சல் போட்டு, ‘கலைஞருக்கோ குடும்பத்துக்கோ பங்கு போகிறதா?’ என்று நேராகக் கேளுங்கள். நேர்மையானவர்கள் இந்தக் கேள்விக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள்.

தொடங்குவதற்கு, பாரிஸின் பூடா மியூசிக் கம்பெனி 1997 முதல் வெளியிட்ட எத்தியோபிக்ஸ் வரிசை நல்லது. தொகுத்தவர் பிரான்சிஸ் ஃபல்செட்டோ. நான்காம் தொகுதி முழுக்க எத்தியோப்பிய ஜாஸின் முன்னோடி முலாட்டு அஸ்டட்கேயின் வாத்திய இசை. அவர்களின் டிஸிடா என்ற ஐந்து சுர அமைப்பில் ஒரு வகைக்கு நம் மோகன ராகத்தின் சுரங்களேதான். முதல்முறை கேட்கும்போதே நமக்கு அது அந்நியமாகத் தோன்றாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கேள்வி: இசைத்தட்டுகள் விற்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் ‘விஜி’ என்று போட்டிருந்த பழைய தட்டை வாங்கினேன். ‘வெரி குட்’ என்றுதானே அர்த்தம்? ஒரே கரகரப்பு. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. தட்டுகளின் தர வரிசையில் மேலே மின்ட், நியர் மின்ட், அதன் கீழே விஜி பிளஸ், அதற்கும் கீழேதான் விஜி. பாட்டின் மெதுவான இடங்களில் இரைச்சல் கேட்கும் என்பதே அதன் பொருள். நிம்மதியாகக் கேட்க வேண்டுமானால் விஜி பிளஸுக்குக் கீழே போகாதீர்கள். தரத்தைக் கண்ணால் பார்த்து எழுதினார்களா, ஓட்டிக் கேட்டு எழுதினார்களா என்பதையும் வாங்கும் முன்பே விசாரியுங்கள். பளபளவென்று இருக்கும் தட்டுகூட ஊசி பட்டுத் தேய்ந்திருக்கலாம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அஞ்சல் செலவும் சுங்க வரியும் தட்டின் விலையைத் தாண்டிவிடக்கூடும். அதையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: என்னிடம் தட்டு ஓட்டும் டர்ன்டேபிளே இல்லை. முதலில் அதை வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். இசை விற்கும் பேண்ட்கேம்ப் இணையதளத்தில் பல மறுபதிப்புக் கம்பெனிகளுக்குச் சொந்தப் பக்கம் இருக்கிறது. முதலில் கேட்டுப் பார்த்து, பிடித்த ஆல்பத்தை ஃப்ளாக் கோப்பாக வாங்கிக்கொள்ளலாம், ஒலித்தரம் குறையாது. டிஜிட்டல் விற்பனையில் தளம் பொதுவாக 15 சதவீதமும் பணப் பரிமாற்றக் கட்டணமும் எடுத்துக்கொள்ளும். மீதி விற்பவருக்கு. சிடி கிடைத்தால் அதுவும் நல்ல வழிதான்.